இரண்டாம் முறையும் அதே பதில்

புதிதாகக் கள ஆய்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களைப் பேச அழைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டோம். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். அலுப்பு வந்தால் தாளை மூடி வைத்துவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டவள் நான். மலையகத்துப் பட்டிப்பொலக் குளிரிலும் நோட்டன் பிரிட்ஜ் மழையிலும் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்றெல்லாம் கேட்டுக் குறித்திருக்கிறேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்குச் சம்பளம் தரும் உத்தியோகம் வேறு எங்கே கிடைக்கும்? சிறு வயதில் இதே குணத்துக்காக வீட்டில் நன்றாகக் குட்டு வாங்கியிருக்கிறேன்.

மாதிரி எடுப்பது எப்படி, கணினியில் கணக்குப் போடுவது எப்படி என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் பயத்தை அளக்கப் போன கதை அது.

அப்போது தேயிலைத் தோட்டங்களில் கர்ப்பிணிப் பெண்களும் சர்க்கரை, பிரஷர் என்று மாத்திரை வாங்குபவர்களும் கிளினிக் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார்கள். நோய் வந்துவிடும் என்ற பயமா, நோய் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமா, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எங்கே பயம் அதிகமோ அங்கே நடமாடும் கிளினிக் வண்டியை அனுப்பலாம் என்று மாவட்டத்தில் முடிவெடுத்தார்கள். இருந்தது ஒரே வண்டி. கேட்ட தோட்டங்களோ ஏராளம். ஆகவே பயத்தை அளந்து, அளவு கூடிய இடத்துக்கு முதலில் வண்டி என்று பேச்சு. அளக்கும் கேள்விக்கொத்தைத் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் பேராசிரியரிடம் வந்தது. அவர் கண்டியிலிருந்து தொலைபேசியில் வேலை வாங்கினார். களத்தில் நானும் தர்ஷினி என்ற இளம் ஆய்வு உதவியாளரும்.

கேள்விக்கொத்தைப் பயன்படுத்துவதற்கு முன்னால் அது நம்பத்தக்கதா என்று சோதிக்க வேண்டும் அல்லவா? தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசைத்தான் சொல்வேன். ஒரே சாக்கை இரண்டு தடவை தராசில் தூக்கினால் இரண்டு தடவையும் ஒரே எடை காட்ட வேண்டும். அதுபோல ஒரே ஆளிடம் ஒரே கேள்விகளை இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு தடவை கேட்போம். பதில்கள் ஏறக்குறைய ஒத்துப்போனால் எங்கள் தராசு பரவாயில்லை என்று அர்த்தம்.

முதலில் கேள்விகளைச் சரிபார்க்க ஒரு சின்ன வெள்ளோட்டம் விட்டோம். அதிலேயே ஒரு வேடிக்கை. பயந்தால் கை வியர்க்கும் என்பதற்காக, "இந்த நோயை நினைத்தால் உங்கள் கை ஈரமாகிவிடுகிறதா?" என்று ஒரு கேள்வி இருந்தது. கேட்ட பெண்கள் எல்லாருமே "எப்பவும்" என்றார்கள். மற்றக் கேள்விகளுக்குப் பயமே இல்லை என்றவர்களும் இதற்கு மட்டும் "எப்பவும்" என்றார்கள். கணக்கில் அந்த ஒரு கேள்வி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக நின்றது. தர்ஷினி இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் ஒரு பெண்ணிடமே காரணம் கேட்டோம். விடியற்காலையிலிருந்து பனியில் நனைந்த கொழுந்தை எடுக்கிற கை, நோயை நினைத்தாலும் ஈரம்தான், நினைக்காவிட்டாலும் ஈரம்தான் என்று சொல்லி அவள் சிரித்தாள். கேள்வியை எடுத்துவிட்டோம். இந்த மாதிரித் தவறு எனக்குப் பிடிக்கும். கேட்டால் விடை கிடைத்துவிடும்.

பிறகு உண்மையான சோதனை. நாங்கள் போன இடங்களில் ஒன்று, கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேலே இருக்கும் ஒரு பிரிவு. பெயர் வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, நடுவில் தள்ளி நிற்க வேண்டிய தூரத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டி, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கவசத்துக்குள்ளிருந்து பேசினால் காதில் விழாது. ஆகவே கத்தித்தான் கேட்க வேண்டும். "கிளினிக்குக்குப் போகப் பயமா இருக்கா?" என்று, ஒரே கூரைக்குக் கீழ் அறைகள் ஒட்டி நிற்கும் லயத்தின் முதல் காம்பராவில் நான் கத்தினால் கடைசிக் காம்பராவில் இருப்பவர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். வேறு வழியில்லை, சுகாதாரப் பரிசோதகர் இந்த நிபந்தனையில்தான் உள்ளே விட்டிருக்கிறார் என்றார். அதுவும் உண்மைதான்.

அந்த லயத்தில்தான் செல்வராணியைப் பார்த்தேன். கொழுந்தெடுப்பவள், முப்பது வயதுக்குள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. இடுப்பில் ஒரு சின்னப் பெண் பிள்ளை வேறு. பயம் கொஞ்சமாவது இருக்கிறதா என்று நான் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் "இல்லங்க மிஸ்" என்றாள். கிளினிக்குக்குப் போகப் பயமா என்றதற்கும் அதே பதில். அன்றைக்கு எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. அந்த லயத்தில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டு கிழமை முடிவதற்குள் அந்தப் பிரிவில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. மேல் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு நோய் உறுதியாகி, விடியற்காலையில் ஆம்புலன்ஸ் வந்து, வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் இறங்கி, தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். எங்களுக்குத் தொலைபேசியில் சேதி வந்தது. நாங்கள் கேள்வி கேட்டது கீழ் லயங்களில் என்பதால் இரண்டாம் சுற்றுக்கு அனுமதி கிடைத்தது. தோட்டத்துக்குள் நுழையும்போதே வித்தியாசம் தெரிந்தது. வாசலில் விளையாடுகிற பிள்ளைகளைக் காணவில்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் பதில்கள் மளமளவென்று வந்தன. யோசிப்பே இல்லை. இரண்டு நாள் என்று நினைத்த வேலை ஒரே நாளில் முடிந்தது.

மறுநாள் மாலை தர்ஷினி கணினியில் கணக்கைப் போட்டுவிட்டுத் துள்ளிக் குதித்தாள். இரண்டு சுற்றும் அப்படியே பொருந்தியிருந்தன. பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு அழகான பொருத்தம் பார்த்ததில்லை என்றாள். பேராசிரியருக்கு உடனே அனுப்பினாள். அதற்கடுத்த நாள் காலை மாவட்டக் கூட்டம். இந்த முடிவை வைத்துத்தான் வண்டி எங்கே என்று தீர்மானிப்பார்கள். பயத்தின் அளவு எங்கள் பிரிவில் மிகக் குறைவு. அதாவது எங்கள் பிரிவுக்கு வண்டி கிடையாது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தராசு நல்ல தராசுதான். ஆனால் இரண்டு நிறுவைக்கும் நடுவில் யாரோ சாக்குக்குள் இரண்டு கை கொழுந்தைத் திணித்துவிட்டார்கள். பிறகும் முள் அதே இடத்தில் நின்றால் தராசை மெச்சுவீர்களா, முள் சிக்கிக்கொண்டது என்பீர்களா? ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த லயத்தில் ஒருவருக்குக்கூடப் பயம் ஒரு படி ஏறவில்லை, இறங்கவுமில்லை. இது எப்படி?

பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சற்றுச் சலிப்போடு, "உங்களுக்கு எண் குறைஞ்சாலும் குறை, கூடினாலும் குறையா?" என்றார். எண்ணில் குறையில்லை, எனக்கு ஆர்வம்தான் என்றேன்.  அவர், காலையில் கூட்டம் தொடங்குகிற வரைக்கும் அவகாசம் இருக்கிறது, போய்ப் பாருங்கள், ஆனால் கேள்விக்கொத்தைக் கொண்டுபோக வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். "தாளைப் பார்த்தா அதே பதிலைத்தான் திரும்பவும் சொல்லுவாங்க," என்றார். எனக்கு வேலை சொல்லித் தந்தவர்களில் இவர் முக்கியமானவர். கோபம் இருந்தாலும் யோசிப்பதை நிறுத்தமாட்டார். நீங்களும் அப்படி ஒருவரிடம் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பொழுது விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போனேன். காலையில் எல்லாரும் கூடும் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரித்து முடிந்திருந்தது. தலைவர் அங்கே நின்றார். தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். தோட்ட நிர்வாகியான துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவர். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரே பூரிப்பு.

"பாத்தீங்களா மிஸ், நம்ம ஆளுங்க ஒருத்தராவது மாத்திச் சொன்னாங்களா? பெரட்டுலயே சொல்லி வச்சிட்டேன். முதல்ல என்ன சொன்னமோ அதையே சொல்லணும், ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னு."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏன்னா என்ன மிஸ்? ரெண்டாந்தரம் வந்து அதையே கேக்குறாங்கன்னா, முதல்ல சொன்னது பொய்யான்னு பாக்கத்தானே கேப்பாங்க? மாறுனா மாட்டிக்குவோம்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடங்கியும் போனது. என் அப்பா தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவர். கொழுந்து களவு, கங்காணியோடு சண்டை, எது நடந்தாலும் ஆபீசில் விசாரணை வைப்பார்கள். ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு, சொன்னதை எழுதி, கைநாட்டு வாங்குவார்கள். சில நாள் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டு அதையே கேட்பார்கள். இரண்டும் ஒத்தால் தப்பித்தான். ஒரு சொல் மாறினால், நேற்று அப்படிச் சொன்னாய், இன்றைக்கு இப்படிச் சொல்கிறாயே என்று வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். சாட்சி சொல்லப் போனவனே குற்றவாளியாகித் திரும்பி வந்ததும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டவர்கள் ஆபீசுக்காரர்கள் மட்டும்தான். இப்போது கேட்டவர்கள் நாங்கள். கையில் தாளும் பேனாவும் வேறு.

ஆக, நாங்கள் அளந்தது பயத்தை அல்ல. சொன்ன சொல்லை மாற்றாமல் காக்கிற திறமையை அளந்திருக்கிறோம். அதில் அந்த லயத்துக்கு முழு மதிப்பெண். தலைவரை நான் குறை சொல்லவே மாட்டேன். தன் ஆட்களை ஒரு விசாரணையிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார் அவர்.

அப்படியானால் முதல் தடவை சொன்ன பதில் மட்டும் உண்மையா என்று கேட்டேன்.  பயம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். ஏன் பயப்படுகிறாய், உன் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்க மாட்டார்களா என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பேராசிரியரிடம் சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது, இறங்கிவிடலாம். ஆனால் என் மூக்கு சும்மா இருக்குமா? ஒருவரிடமாவது நேரடியாகக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று கீழ் லயத்துப் பக்கம் நடந்தேன். செல்வராணி பீலியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலில் ஆண்கள் போடுகிற பெரிய ரப்பர் செருப்பு. வேடிக்கையாக இருக்கிறதே என்று அதைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.

"என்னோடது கால் கொள்ள மாட்டேங்குது மிஸ்," என்றாள்.

குனிந்து பார்த்தேன். கணுக்காலே தெரியவில்லை. முகமும் உப்பியிருந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். நாலைந்து நாளாக வலிக்கிறது, சில நேரம் கண்ணுக்குள் மின்னுகிறது என்றாள். நான் வைத்தியர் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் தாய்மார் மரணங்களைப் பற்றிய ஆய்வில் வீடு வீடாகப் போய், செத்துப்போன பெண்களின் தாய்மாரிடமும் கணவன்மாரிடமும், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறேன். கால் வீங்கியது, தலை வலித்தது, கண்ணுக்குள் மின்னியது என்று எத்தனை பேர் சொல்லி எழுதியிருக்கிறேன்.  பயத்தை அளக்க வந்தவளுக்கு அங்கே நின்ற இடத்திலேயே பயம் வந்தது.

கிளினிக் போனாயா என்று கேட்டேன். அவள் லயத்தைத் திரும்பிப் பார்த்தாள். கதவுகள் சாத்தித்தான் இருந்தன. பீலித் தண்ணீர் குடத்தில் விழுகிற இரைச்சலில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. அப்போதுதான் அது எனக்கே உறைத்தது. இத்தனை நாளில் இந்தத் தோட்டத்தில் யாரிடமும் அடுத்தவர் காதில் விழாமல் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"சொன்னத மாத்தலாமா மிஸ்?" என்றாள்.

"மாத்தலாம்."

"எழுதினதுக்கு அப்புறமுமா?"

"எழுதினதுக்கு அப்புறமும் மாத்தலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

குடம் நிரம்பி வழிந்தது. பிறகு கடகடவென்று சொன்னாள். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஊரடங்குக்கு நடுவே எப்படியோ தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். வந்ததைப் பரிசோதகரிடம் பதியவில்லை. காய்ச்சல், இருமல் ஒன்றுமில்லை. ஆனால் கிளினிக்கில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வெளியூரிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்கிறார்கள். பொய் சொல்ல வாய் வராது. உண்மையைச் சொன்னால் எல்லாரையும் தனிமைப்படுத்தும் கேம்புக்கு ஏற்றிவிடுவார்கள். மேல் லயத்துக் குடும்பத்தை ஏற்றியதைப் பார்த்த பிறகு அவளுக்கு இரவில் தூக்கமே இல்லை. இந்த வயிற்றோடும் சின்னப் பிள்ளையோடும் எங்கே போய்க் கிடப்பது என்று கிளினிக்குக்குப் போகாமலே இருந்துவிட்டாள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நாங்கள் முதல் நாளே அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம். நீங்கள் சொல்வது எங்களைத் தாண்டி யாருக்கும் போகாது என்று. நீங்களும் நாளைக்கு இதே வாக்கைக் கொடுக்கப் போகிறீர்கள். இப்போது நான் கர்ப்பிணிகளைப் பார்க்கும் அரசாங்க மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தொலைபேசி போட்டால் அந்த வாக்கை மீறுகிறேன். போடாவிட்டால் இந்தப் பெண் இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடலாம். உயிர்தானே பெரிது, யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவளைக் கேட்காமல் செய்தால், எழுதினவர்கள் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று லயம் முழுக்கப் பேசும். அதற்குப் பிறகு எந்தக் கால் வீங்கினாலும் யாரும் யாரிடமும் காட்ட மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் அவளிடம் சொன்னேன். இந்த வீக்கமும் தலைவலியும் சேர்ந்து வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து, இன்றைக்கே பிரஷர் பார்த்தாக வேண்டும் என்றேன். கால் வீக்கத்தையும் தலைவலியையும் பற்றி மட்டும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். கணவன் விஷயத்தை நான் சொல்ல மாட்டேன், ஆனால் மறைப்பது யாருக்கும் நல்லதல்ல, அதை உன் வீட்டுக்காரரே சொல்வதுதான் முறை என்றேன். அவள் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

மிட்வைஃப் மிஸ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். சிங்களப் பெண், தமிழ் நன்றாகவே பேசுவார். நான் அறிகுறிகளைச் சொல்லி முடிப்பதற்குள், வருகிறேன், அவளைப் படுக்க வையுங்கள் என்று தொலைபேசியை வைத்துவிட்டார். ஆட்டோவில் வந்து இறங்கி, வாசலிலேயே பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிய முகத்தை நான் மறக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் மேடேறி வந்த சத்தத்தில் லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்து, உடனே மூடின. செல்வராணி வாசலில் நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது உள்ளேயிருந்து அவள் கணவன் துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். எல்லாரும் பார்க்கிற மாதிரி வாசலில் நின்று, தான் கொழும்பிலிருந்து வந்தவன், இன்னும் பதியவில்லை என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னான். யாருக்கும் ஆச்சரியமில்லை. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கிற லயத்தில் ஒரு ஆளை ஒளித்து வைக்க முடியுமா? எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தலைவருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது நாங்கள் மட்டும்தான்.

மிட்வைஃப் மிஸ் அவனைத் திட்டினார். பிறகு பரிசோதகருக்கு அவரே தொலைபேசி எடுத்தார். கேம்பெல்லாம் இல்லை, வீட்டுக்குள்ளேயே இரு, யாரோடும் சேராதே என்று உத்தரவு வந்தது. இத்தனை நாளாகப் பயந்தது இதற்குத்தானா என்பது போல அவன் நின்றான். செல்வராணி மட்டும் ஆம்புலன்ஸில் ஏறினாள். ஏறுவதற்கு முன் திரும்பி, லயத்துக்கே கேட்கிற குரலில் என்னிடம் சொன்னாள்.

"பயம் இல்லன்னு போட்டிருக்கீங்கல்ல மிஸ். மாத்திருங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

மாற்றிவிடுகிறேன் என்றேன். 

தோட்டத்து ஆபீசுக்கு வெளியே நின்று பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் கூட்ட மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். முள் ஏன் நகரவில்லை என்பதை மட்டும் விளக்கினேன். செல்வராணியின் பெயரைச் சொல்லவில்லை, ஒரு பெண் என்றுதான் சொன்னேன். அன்றைய கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, எங்கள் எண் மிக அழகாக இருக்கிறது, ஆனால் அதை நம்பாதீர்கள் என்றாராம். அப்படியானால் உங்களை எதற்கு அமர்த்தினோம் என்று ஒரு அதிகாரி கேட்டிருக்கிறார். நம்பக்கூடாத எண் எது என்று சொல்வதற்கும்தான் என்றாராம். பலத்த முறுமுறுப்புக்குப் பிறகு, வண்டி விஷயத்தைத் தள்ளிவைத்து மறுபடி அளந்து வர அவகாசம் கொடுத்தார்கள்.

மறுபடி அளந்தோம். இந்தத் தடவை கத்தவில்லை. பீலியடியில், கொழுந்து மலையில், குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் என்று ஒவ்வொருவரையும் தனியாக, தள்ளி நின்று கேட்டோம். இரண்டு தடவையும் தலைவரே முன்னால் வந்து, இது ஆபீஸ் விசாரணை இல்லை, மனதில் உள்ளது மாறியிருந்தால் மாற்றிச் சொல்லலாம் என்று பெரட்டில் அறிவித்தார். அதைச் சொல்ல அவருக்கு லேசில் வாய் வரவில்லை. சொல்லிவிட்டு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக இப்படி ஒரு பேச்சுப் பேசியிருக்கிறேன் என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். பொருத்தம் முன்பு போல மின்னவில்லை, தர்ஷினிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பயன்படுத்தக்கூடிய அளவில் வந்தது. பயத்தின் அளவோ எங்கள் மாவட்டத்தில் நாங்கள் பார்த்த இடங்களிலேயே அங்கேதான் கூடுதல். வண்டி அந்தப் பிரிவுக்குப் போனது.

எண் நன்றாக வரும்போதும் போய்ப் பாருங்கள். அதற்குத்தான் இவ்வளவையும் எழுதினேன். மோசமாக வந்தால் யாரும் சொல்லாமலே போய்ப் பார்ப்பீர்கள்.

செல்வராணிக்கு வைத்தியசாலையில் குறைமாதத்தில் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெகுநாள் வைத்திருந்தார்கள். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டார்கள். மறு அளவையின் கடைசி நாட்களில் அவள் வீடு திரும்பியிருந்தாள். கைக்கடக்கமாகப் பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பீலியடிக்கு வந்தாள். நான் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முன்பெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னவள், இப்போது ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்து யோசித்தாள். கிளினிக்குக்குப் போகப் பயமா இருக்கா என்ற கேள்வி வந்தது.

"இருக்கு மிஸ்," என்றாள். "நேத்தும் இருந்துச்சு. பயந்துகிட்டேதான் பாப்பாவத் தூக்கிட்டு ஊசி போடப் போயிட்டு வந்தேன்."

என் கையிலிருந்த தாளில் பயத்துக்குக் கட்டங்கள் இருந்தன. பயத்தோடு போய்விட்டு வருவதற்குக் கட்டம் இல்லை. தர்ஷினியைக் கூப்பிட்டு, அடுத்த பதிப்பில் இன்னொரு கேள்வியும் சேர்க்க வேண்டும் என்றேன்.